கோக்கா 4 என்றால் எந்த வருடம்? ஜப்பானின் பழைய தேதிகளைக் கணக்கிடும் முறை

ஜப்பானின் பழைய ஆவணங்களில் 'கோக்கா 4, 3-ஆம் மாதம், 24-ஆம் நாள்' என்பது போலத்தான் தேதி இருக்கும். இதையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் படி, காலப்பெயரைப் பிடிப்பது, அதாவது ஆண்டுகளை எண்ணப் பயன்படும் பெயரை; இங்கே அது கோக்கா. ஜப்பானியர் இதை நெங்கோ என்பார்கள். கோக்காவுக்கு முந்தையது தென்போ, பிந்தையது காயெய்.

அப்புறம் கூட்டல். கோக்கா ஆண்டோடு 1843-ஐக் கூட்டுங்கள். கோக்கா 4 என்றால் 1847.

மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 3-ஆம் மாதம் என்றதும் மார்ச் என்று எழுதிவிடாதீர்கள். 1873-க்கு முன் அங்கே மாதங்கள் சந்திரனை ஒட்டியே நடந்தன. சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடுதலாகவும் வரும். 1846-இல் 5-ஆம் மாதம் இரண்டு முறை வந்தது. அதனால் நாளை மனக்கணக்காகப் போடாமல், மாற்று அட்டவணையைப் பாருங்கள். நம் தேதிக்கு அது தரும் விடை 1847 மே 8. ஜென்கோஜி கோயில் நகரை நிலநடுக்கம் சிதைத்த நாள் அது. கோயிலில் சிறப்புத் தரிசனக் காலம் என்பதால் வெளியூர் பக்தர்களும் ஏராளமாகச் சிக்கிக்கொண்டார்கள்.

ஆண்டின் ஓரங்களிலும் கவனம் வேண்டும். எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டை தீப்பற்றியது போன்ற கேடுகளை அடுத்து, தென்போ 15-இன் 12-ஆம் மாதம் 2-ஆம் நாள் பெயரை மாற்றினார்கள். கூட்டிப் பார்த்தால் கோக்கா 1 என்பது 1844. ஆனால் அந்த நாள் நம் காலண்டரில் 1845 ஜனவரி 9! கோக்கா முதலாண்டு ஒரே மாதத்தில் முடிந்துவிட்டது.

கடைசியாகப் பேரரசர் பெயர். ஷோவா என்ற காலப்பெயர் என்றால் பேரரசர் ஹிரோஹிதோ என்று பழகியவர்கள், கோக்காவுக்கும் ஒரே பேரரசரைத் தேடுவார்கள். அப்படித் தேடக் கூடாது. கோக்கா தொடங்கியபோது ஆட்சியில் இருந்தவர் நின்கோ. 1846 பிப்ரவரியில் அவர் இறக்க, மார்ச்சில் மகன் கோமேய் அரியணை ஏறினார். காலப்பெயர் மட்டும் 1848 வரை மாறவில்லை. கோமேய் 1867-இல் இறப்பதற்குள் கோக்காவோடு சேர்த்து ஏழு காலப்பெயர்களைப் பார்த்துவிட்டார். ஆகவே குறிப்பெடுக்கும்போது காலப்பெயருக்கு ஒரு பத்தி, பேரரசருக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாகப் போடுங்கள். ஒரு பேரரசருக்கு ஒரே பெயர் என்ற விதி 1868-இல் மெய்ஜியோடுதான் வந்தது.