இரவல் கதை எழுதுவது எப்படி

"சொந்தமாகக் கதை பண்ண வராதவர்கள் செய்கிற வேலை இது" என்றார் என் சித்தப்பா. கல்கியின் பூங்குழலியை வைத்து நான் எழுதிய கதையைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் சொன்னார். அடுத்தவர் கதையின் பாத்திரங்களை வைத்துப் புதுக்கதை, அதாவது ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிற எல்லோருக்கும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். அவரோடு வாதாடுகிற நேரத்தில் ஒரு கதையே எழுதிவிடலாம். ஏழு வருடம் எழுதியதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

முதலில் மூலக்கதையில் ஓர் ஓட்டையைத் தேடுங்கள். பிடித்த பாத்திரத்திலிருந்து ஆரம்பித்தால் அவரைக் கொஞ்சிக்கொண்டே பத்துப் பக்கம் ஓடிவிடும், கதை நகராது. ஓட்டை என்று நான் சொல்வது ஆசிரியர் நின்று பார்க்காமல் தாண்டிப்போன இடத்தை. புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதியது அப்படி ஓர் இடத்தைப் பிடித்துத்தான். அகலிகையைக் கல்லிலிருந்து மீட்டவன் ராமன். சீதை தீயில் இறங்க நேர்ந்ததும் அவனால்தான். இந்தச் சேதி அகலிகையின் காதில் விழுந்தால்? இரண்டுமே ராமாயணத்தில் இருப்பவை. அவர் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அகலிகை மறுபடியும் கல்லாகிவிட்டாள். சித்தப்பாவுக்கு இந்தக் கதை உயிர் என்பது வேறு விஷயம்.

எனக்குக் கிடைத்த ஓட்டை ரொம்பச் சின்னது. கோடிக்கரையில் படகு விட்டுக்கொண்டிருந்த பூங்குழலி, பொன்னியின் செல்வன் முடிவில் சேந்தன் அமுதனை மணந்து ராணியாகிறாள். சரி, அலைச் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு அரண்மனையில் தூக்கம் வந்திருக்குமா? இவ்வளவுதான்.

இனிதான் கஷ்டமான வேலை, குரலைப் பிடிப்பது. என் முதல் வரைவில் அவள் தூணைக் கட்டிக்கொண்டு, "இளவரசே, தங்களை மறந்து எப்படி வாழ்வேன்!" என்று விம்மினாள். ஒரு வாசகி எழுதினார்: "இது பூங்குழலி இல்லை. பூங்குழலியின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்த வேறு யாரோ." இரண்டு நாள் கோபம் தீரவில்லை. அப்புறம் நாவலை எடுத்து, அவள் பேசுகிற வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். பாதிக்குமேல் கேலியும் எதிர்க்கேள்வியும்தான். துக்கம் வந்தால் கடலைப் பார்த்துப் பாடுகிறவள் எதற்குத் தூணைக் கட்டிக்கொள்கிறாள்? திருத்தியதில் சாளரத்தைத் திறந்து தாதியிடம், "காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். தாதிக்குத் தெரியவில்லை. "அப்படியானால் இங்கே எல்லோரும் எப்படி வீடு திரும்புகிறீர்கள்?" அழுகை மொத்தமும் போய்விட்டது, கதை நின்றது. நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். எதைப் பேசுவார், எதற்கு வாயே திறக்கமாட்டார், இந்த இரண்டும் அதில் இருந்தால் போதும்.

நீளம்? ஆரம்பத்தில் டிராபிள் எழுதுங்கள், சரியாக 100 சொற்கள். 101வது சொல்லை எடுக்கும்போது எது வேண்டாதது என்று கைக்கே தெரிந்துவிடும். உங்களையே கதைக்குள் நுழைத்து, அரசன் முதல் ஆனை வரை எல்லோரையும் உங்களிடம் மயங்க வைக்கும் ஆசையும் வரும். 1973லேயே ஸ்டார் ட்ரெக் ரசிகை ஒருவர் இதைக் கிண்டலடித்து எழுதிய கதையிலிருந்துதான் மேரி சூ என்ற பட்டம் பிறந்தது. ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டு அலமாரியில் பூட்டிவிடுங்கள். நான் பூட்டியிருக்கிறேன்.

உரிமை விஷயம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, பயமில்லை. உரிமை இன்னும் உள்ள கதை என்றால் விற்காதீர்கள். இலவசமாகப் போடுவதாலேயே சட்டப்படி சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். எழுதியவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள், வேறு கதையா இல்லை? ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் போன்ற தளத்தில் போடும்போது டேக்குகளையும் எச்சரிக்கைகளையும் ஒழுங்காகப் போடுங்கள். வன்முறை இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அந்தத் தளத்துக்கே 2019ல், அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோ விருது கிடைத்தது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "ஹியூகோ யாரு?" என்றார்.

அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு, மறைக்கமாட்டேன். பூங்குழலி மேல் வாசகருக்கு இருக்கும் பிரியம் கல்கி சம்பாதித்தது. நான் அதைச் செலவு செய்கிறேன். முன்பின் தெரியாத ஒருத்தியை மூன்று பக்கத்தில் பிடிக்க வைக்கும் வித்தையை இந்த வழியில் கற்க முடியாது. அதனால் மூன்று ஃபேன் ஃபிக்‌ஷனுக்கு ஒரு சொந்தக் கதை என்று கணக்கு வைத்திருக்கிறேன். காற்றின் திசை தெரியாத அந்தத் தாதி மட்டும் என் சொந்தச் சரக்கு. இப்போது அவளை அரண்மனையிலிருந்து வெளியே கூட்டிவந்து, சோழர் யாரும் இல்லாத கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்கம் ஆகிவிட்டது, அவளுக்கு இன்னும் பெயர் அமையவில்லை.