தலைக்காயத்துக்குப் பின் காதிரைச்சலும் சென்னையின் சத்தமும்

வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வீடு திரும்பிய என் அண்ணன், மூன்றாம் நாள் இரவில், பக்கத்து வீட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டார். மோட்டார் எதுவும் ஓடவில்லை. மறுநாள் காலையில் எவர்சில்வர் தட்டு ஒன்று கைதவறி விழுந்தபோது, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். முதலாவது, டின்னிடஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் காதிரைச்சல். இரண்டாவது, ஹைபராக்யூசிஸ் எனப்படும் ஒலி தாங்காமை. மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் காதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெரம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் இவ்விரண்டோடும் காலம் தள்ளியதில் நாங்கள் அறிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை எடுப்பது. அடி உட்செவியைத் தாக்கியிருக்கலாம், நடுச்செவியின் சிற்றெலும்புகளைப் பிசகச் செய்திருக்கலாம், கேட்டல் நரம்பையோ மூளையையோ பாதித்திருக்கலாம். சிற்றெலும்புப் பிசகைப் பல நேரங்களில் அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும் என்பதால், எது என்று தெரிந்துகொள்வது வீண் செலவல்ல. இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ, காது அல்லது மூக்கிலிருந்து தண்ணீர் போன்ற திரவம் வடிந்தாலோ, திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். செவிப்பறை கிழிந்தோ மண்டையோட்டின் அடிப்பகுதி விரிசல் விட்டோ இருந்தால், அந்த எண்ணெய் நோய்த்தொற்றுக்கு வழிவிடும் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லி மறுத்துவிட வேண்டும்.

காதிலிருந்து வரவேண்டிய ஒலிச் செய்தி குறையும்போது, மூளை அதை ஈடுகட்டத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதே காதிரைச்சலுக்கு இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதைப் புரிந்துகொள்ளாமல் நாங்கள் ஒரு தவறு செய்தோம். சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சத்தத்தையே ஒழித்துவிடலாம் என்று எண்ணி, ஜன்னல்களைச் சாத்தி, தொலைக்காட்சியை நிறுத்தி, அண்ணனின் காதில் நாள் முழுதும் அடைப்பான் வைத்துவிட்டோம். இரைச்சல் முன்னிலும் பெரிதாகக் கேட்டது. இரண்டு வாரத்தில் தேங்காய் துருவும் ஓசையைக்கூட அவரால் பொறுக்க முடியவில்லை. ஒலியே வராதபோது மூளை இன்னும் கூர்ந்து கேட்கத் தொடங்குகிறது. காதுக்கு வேண்டியது அமைதியன்று, அளந்து கொடுக்கும் ஒலி.

இரவில் இது மிகத் தெளிவாகத் தெரியும். மின்விசிறி சுழலும்வரை அமைதியாகத் தூங்குபவர், நள்ளிரவில் கரண்ட் போய் விசிறி நின்ற கணத்தில், காதுக்குள் யாரோ விசில் ஊதியதுபோல் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே சார்ஜ் செய்துகொள்ளும் சிறு விசிறி ஒன்றையோ, மழை ஓசையைப் பதிந்து வைத்த செல்பேசியையோ தலைமாட்டில் தயாராக வைத்திருங்கள். அந்த ஓசை இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து கேட்கும்படி சற்றுத் தாழ்வாக இருந்தால்தான், இரைச்சலைப் பொருட்படுத்தாமல் இருக்க மூளை நாளடைவில் பழகும்.

காதடைப்பானை அறவே விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பாதுகாப்பானது. 90 டெசிபலில் அது வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ஆடி மாதத்தில் தெருமுனையில் கட்டிய ஒலிபெருக்கி, கல்யாண மண்டபத்தில் தவிலுக்கு எதிர் வரிசை, இறுதி ஊர்வலத்தின் மேளமும் வெடியும் ஆகியவற்றுக்கு அடைப்பான் கட்டாயம் வேண்டும். பஞ்சு போதாது. நுரை அடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சத்தம் ஓய்ந்ததும் கழற்றிவிடுங்கள். சாலையைக் கடக்கும்போது மாட்டவே கூடாது. பின்னால் வரும் வண்டி தெரியாமல் போவதைவிட ஹாரன் உறுத்துவது மேல். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பேருந்து எஞ்சின் போன்ற தொடர் உறுமலைக் குறைக்குமே தவிர, பட்டாசு போன்ற திடீர் வெடிப்பைத் தடுக்காது.

வீட்டில் பெரும்பாலும் உறுத்துவது ஒலியின் அளவன்று, அது எதிர்பாராமல் வருவது. குக்கர் விசில் செவியைக் கெடுக்காது; ஆனால் பழுதுபட்ட மூளை அதை அடிபோல் உணர்கிறது. "அண்ணா, விசில் வரப் போகிறது" என்று முன்கூட்டிச் சொல்வது எங்கள் வீட்டில் பெரிய மாற்றத்தைத் தந்தது. மிக்சியின் அடியில் தடித்த துணியை நான்காக மடித்துப் போட்டு, அரைக்கும் வேலையை ஒரே நேரத்தில் முடித்துக்கொண்டோம். குக்கர் விசிலின்மேல் துணி போட்டு மூடுவது ஆபத்து, அதைச் செய்யாதீர்கள்.

வெளியே போகும் பழக்கத்தைப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். நாங்கள் விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் தொடங்கினோம். அலையோசை மழையைப் போலவே தொடர்ந்து வருவதால் அண்ணனுக்கு இதமாக இருந்தது. பிறகு கூட்டமில்லாத மதிய மின்சார ரயில், அதற்கும் பிறகே தி.நகர். களைப்பு உடனே தெரியாமல் மறுநாள் தலைவலியாக வரக்கூடும் என்பதால், 'இன்னும் முடியும்' என்று தோன்றும்போதே திரும்பிவிடுவது நல்லது. தூக்கம் கெட்டு, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அதைச் சாதாரணமாக விடாமல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாகத் தடைசெய்கின்றன. சட்டத்தைக் காட்டுவதைவிட, விழாக் குழுவினரிடம் முன்கூட்டியே போய், ஒலிபெருக்கியின் வாயைக் கொஞ்சம் திருப்பிக் கட்டச் சொல்வது விரைவில் பலிக்கிறது. "தம்பி, முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று அவர்களே ஏணி வைத்து ஏறினார்கள். தீபாவளிக்குத் தமிழக அரசு ஒதுக்கிவரும் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற நேரத்தை எங்கள் தெரு மதிப்பதாகத் தெரியவில்லை. எனவே அன்று உள்ளறையில், விசிறியை ஓடவிட்டு, அடைப்பானைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணன் படுத்துக்கொள்கிறார்.