8 ஜிபிக்குள் 256 ஜிபி

அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் இருக்கும் என் லேப்டாப்பில் ரேம் 8 ஜிபிதான். ஆராய்ச்சிக்கோ 256 ஜிபி ரேம் உள்ள கணினியில் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் க்யூஎமு மென்பொருளில் அந்த அளவைக் கொடுத்ததுமே நினைவகம் இல்லை என்று கையை விரித்துவிட்டது. இருப்பதைவிட அதிக நினைவகம் தர ஒப்புக்கொள்ளலாமா என்பதைத் தீர்மானிக்கும் லினக்ஸின் ஓவர்கமிட் அமைப்பை 0-இலிருந்து 1-ஆக மாற்றினேன், கேட்டதற்கெல்லாம் தலையாட்டியது. தொட்ட பக்கத்துக்கு (நினைவகத்தின் சிறு துண்டு) மட்டும்தானே நிஜ ரேம் செலவாகும்.

ஆனால் மெய்நிகர் கணினி பூட் ஆகும்போதே, அதாவது தொடங்கும்போதே, பாதியில் உயிரை விட்டது. தட்டுவடை செட்டைக் கொறித்தபடி கணக்குப் போட்டேன்: ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் உள்ளே ஓடும் கெர்னல் 64 பைட் குறிப்பு வைக்கிறது. 256 ஜிபிக்கு அதுவே 4 ஜிபி! பிரவுசரை மூடினேன், பெரிய திருடன் அதுதான். அப்புறம் ரேம் போதாதபோது கைகொடுக்க எஸ்எஸ்டி வட்டில் 16 ஜிபி ஸ்வாப் இடம் சேர்த்தேன். பூட் ஆனது.

1 டிபி ஆசையும் இருந்தது. என் பிராசஸர் நினைவகத்தை எண்ணும் முகவரி 39 பிட்தான். 512 ஜிபியோடு சரி.