விலை உயர்ந்த மின்விசிறி: வாங்குவோர் செய்யும் தவறுகள்

கடையில் 1,800 ரூபாய் மின்விசிறியும் 3,300 ரூபாய் மின்விசிறியும் அருகருகே சுழலும்போது, கீழே நிற்பவருக்கு இரண்டின் காற்றிலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. பெரும்பாலும் அங்கே வேறுபாடு இல்லை என்பதுதான் காரணம். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) என்று அழைக்கப்படும் புதுவகை மின்விசிறிக்கு நாம் தரும் கூடுதல் பணம் காற்றுக்கானது அன்று, மின்சாரச் சிக்கனத்துக்கானது. விலை கூடினால் காற்றும் கூடும் என்று நம்பி வாங்குவதே முதல் தவறு. வாங்கியபின் எழும் ஏமாற்றங்களில் பெரும்பங்கு இதிலிருந்தே பிறக்கிறது.

பழைய மின்விசிறியின் மோட்டாரில் காந்தப்புலத்தை உண்டாக்குவதற்கே மின்சாரத்தின் ஒரு பகுதி செலவாகி, வெப்பமாக வீணாகிறது. நெடுநேரம் ஓடிய மின்விசிறியின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரிந்திருக்கும். பிஎல்டிசி மோட்டாரில் சுழலும் பகுதியிலேயே நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் செல்ல வேண்டும் என்பதை உள்ளிருக்கும் ஒரு மின்னணுப் பலகை தீர்மானிக்கிறது. இதனால்தான் 75 வாட் எடுத்துக்கொண்ட வேலையை ஏறத்தாழ 30 வாட்டில் முடிக்க முடிகிறது. இந்த முன்னேற்றம் உண்மையானது. வெறும் விளம்பரம் என்று இதை ஒதுக்குவதும் தவறுதான்.

ஆனால் அந்த 75 வாட் என்ற எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. ஒரு நட்சத்திரம் பெறுவதற்கே மோட்டாரின் சிக்கனத்தை உயர்த்த வேண்டியிருப்பதால், இன்று கடையில் கிடைக்கும் சாதாரண மின்விசிறிகள் பெரும்பாலும் 50 வாட்டை ஒட்டியே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே 75 வாட்டோடு ஒப்பிட்டுச் சேமிப்பைக் கணக்கிடுவது, பத்தாண்டு பழைய மின்விசிறியைக் கழற்றிவிட்டு மாற்றுபவருக்கு மட்டுமே பொருந்தும். புதுவீட்டுக்குப் புதிதாக வாங்குபவர் 50 வாட்டோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டைக் கடைக்காரர் தாமாகச் சொல்வது அரிது.

இரண்டு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடும் பழைய மின்விசிறியை மாற்றினால் 45 வாட் மிச்சம். அது ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 985 ரூபாய். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றியதால் புதியதன் முழு விலையும் செலவுக் கணக்கில் சேர்கிறது. அது 3,300 ரூபாய் என்றால், திரும்பிவர மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும். புதிதாக வாங்குபவருக்கு மிச்சம் ஏறத்தாழ 20 வாட். ஆண்டுக்கு 88 யூனிட், 440 ரூபாய். விலை வேறுபாடான 1,500 ரூபாய் திரும்பிவர அவருக்கும் மூன்றரை ஆண்டுகள் தேவைப்படும். மார்கழி, தை மாதங்களில் இரவில் மின்விசிறியை நிறுத்திவிடும் வீடுகளில் இந்தக் காலம் இன்னும் நீளும்.

இப்போது அதே மின்விசிறியை விருந்தினர் அறையில் மாட்டியதாக நினைத்துப் பாருங்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு மிச்சமாவது 7 யூனிட்தான், 40 ரூபாய் கூட இல்லை. வீடு கட்டி முடிப்பவர்கள் எல்லா அறைகளுக்கும் ஒரே வகையாக வாங்கும் பழக்கம் இங்கேதான் பணத்தை வீணாக்குகிறது. இரவு முழுவதும் ஓடும் படுக்கையறைக்கும் பகலெல்லாம் ஓடும் கூடத்துக்கும் விலை உயர்ந்ததை வாங்குங்கள். பூசையறைக்கும் எப்போதாவது திறக்கும் மாடி அறைக்கும் சாதாரணமானதே போதும்.

தமிழ்நாட்டு வாசகர்கள் தம் மின்கட்டண அட்டையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். ஒருவரோ இருவரோ வாழ்ந்து, 90 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டில் எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறையாது. இதற்கு நேர்மாறாக, குளிர்சாதனமும் வாட்டர் ஹீட்டரும் உள்ள வீடு 560 யூனிட் காட்டுகிறது என்று கொள்வோம். அங்கே நெடுநேரம் ஓடும் மூன்று பழைய மின்விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 97 யூனிட் குறைந்து, கணக்கு 500-க்குக் கீழே வந்துவிடும். 500-ஐத் தாண்டினால் வீதமே உயர்ந்துவிடுவதால், அந்த வீட்டின் சேமிப்பு மேலே சொன்ன 5 ரூபாய்க் கணக்கைவிடக் கணிசமாக அதிகம். ஒரே மின்விசிறி ஒரு வீட்டுக்கு வீண்செலவாகவும் அடுத்த வீட்டுக்கு நல்ல முதலீடாகவும் ஆவது இப்படித்தான்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் பணக்கணக்கு இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. 150 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி இருக்கும். இழப்புகள் போக 1,200 கிடைக்கும் என்று கொண்டாலும், மூன்று பழைய மின்விசிறிகள் அதை ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும், பிஎல்டிசி மின்விசிறிகளோ 13 மணி நேரம் ஓடும். 2018-இல் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தவர்களுக்கு, ஓர் இரவின் காற்று என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முதியவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீடாக இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தவறு பழுதுபார்ப்பைப் பற்றி வாங்கும்போதே கேட்காமல் விடுவது. சாதாரண மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரீஷியன் கெபாசிட்டரை மாற்றி அரைமணி நேரத்தில் ஓட வைத்துவிடுவார். மோட்டாரே எரிந்தாலும் காயில் சுற்றித் தர ஆள் உண்டு. பிஎல்டிசியில் பழுதாவது பெரும்பாலும் அந்த மின்னணுப் பலகைதான். மின்னழுத்த ஏற்ற இறக்கமும் இடி மின்னலும் அதற்கு ஆகாதவை. அதைப் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் சேவை மையம்தான் மாற்ற முடியும் என்பதால், சிற்றூர்களில் காத்திருப்பு நீள்கிறது. எங்கள் வீட்டில் ஒரு மின்விசிறியின் பலகை, உத்தரவாதம் முடிந்த நான்காம் மாதத்தில் போனது. புதுப் பலகையின் விலையைக் கேட்டபோது அதுவரை சேமித்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்தது எனக்கு விளங்கியது. போட்ட பணம் திரும்பிவர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும் பொருளுக்கு உத்தரவாதம் இரண்டே ஆண்டுகள் என்றால், அந்த இடைவெளியின் சுமை வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. ஐந்தாண்டு உத்தரவாதம் தரும் மாதிரிகளும் இருக்கின்றன. சில நூறு ரூபாய் கூடினாலும் அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

நட்சத்திரங்களை மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடுவதும் பலர் செய்வதே. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்ற அளவை வாட்டால் வகுத்த எண்ணைக் கொண்டே நட்சத்திரம் தரப்படுகிறது. எனவே அது சிக்கனத்தைக் காட்டுமே தவிரக் காற்றின் மிகுதியைக் காட்டாது. 1,200 மில்லிமீட்டர் மின்விசிறிக்குக் காற்றளவு 220-க்குக் குறையாமல் இருக்கிறதா என்பதை அட்டைப்பெட்டியில் தனியாகப் பாருங்கள். சுழற்சி வேகத்தையும் இறக்கைகளின் எண்ணிக்கையையும் நம்ப வேண்டாம். இறக்கையின் சாய்வும் நீளமும் சரியில்லாவிட்டால், ஐந்து இறக்கை கொண்ட அலங்கார விசிறி மூன்று இறக்கை விசிறியைவிடக் குறைவாகவே காற்று தரும்.

இறக்கையில்லா மின்விசிறியைப் பற்றித் தயக்கமின்றியே சொல்கிறேன்: காற்றுக்காக அதை வாங்க வேண்டாம். 2009-இல் டைசன் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது உலகமே வியந்தது. ஆயினும் அதில் இறக்கை இல்லாமல் இல்லை. அடிப்பகுதியில் மறைந்திருக்கும் சிறு விசிறி காற்றை உறிஞ்சி, வளையத்தின் மெல்லிய பிளவு வழியே வேகமாக வெளியேற்ற, அந்த ஓட்டம் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துச் செல்கிறது. நல்ல பொறியியல்தான். தவழும் குழந்தை விரலை நுழைக்க வழியில்லை, துடைப்பதும் எளிது. ஆனால் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேலும் போகும் அந்தக் கருவி ஒருவர் இருவருக்கு மட்டுமே வீசுகிறது, அறை முழுவதும் பாய் விரித்துப் படுக்கும் குடும்பத்துக்கு அது உதவாது. காற்றைச் சுத்திகரிக்கும் வகையாக இருந்தால் வடிகட்டி மாற்றும் செலவும் தொடரும்.

எந்த மின்விசிறியும் அறையைக் குளிரவைப்பதில்லை. வியர்வையை ஆவியாக்கி உடலைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஐந்து நட்சத்திர விசிறியும் வீண்தான். மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் இறக்கும்போது, விலை உயர்ந்த விசிறியும் அந்தச் சூடான காற்றையே கீழே தள்ளும். அங்கே முதல் செலவு தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதாக இருக்க வேண்டும். வேலூர், திருத்தணிப் பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் பகல்களில் விசிறிக்காற்று உடலைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றக்கூடும் என்பதால், வீட்டு முதியவர்களை அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

வாங்கி வந்தபின் பொருத்துவதிலும் ஒரு தவறு நேர்கிறது. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாகவே பிஎல்டிசி விசிறிக்கு இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். அது மின்னழுத்தத்தைக் குறைத்தோ மின்சாரத்தின் அலையை வெட்டியோ தருவதால் உள்ளிருக்கும் பலகை பழுதாகலாம், உத்தரவாதமும் மறுக்கப்படலாம். தயாரிப்பாளர் குறிப்பேட்டில் வேறாகச் சொல்லியிருந்தாலன்றி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சுவிட்சிலிருந்து நேராக இணைக்குமாறு, எலக்ட்ரீஷியன் ஏணியில் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள்.