வயரப் பாத்து ப்யூஸ் போடுங்க

அண்ணாச்சிமாரே, வீட்டுலயே சின்ன விமானம் கட்டுதவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன், ப்யூஸ் இருக்கது ரேடியோவையோ லைட்டையோ காப்பாத்த இல்ல, அதுக்குப் போற வயர காப்பாத்த. 22 கேஜ் (வயரு தடிமனுக்கான நம்பர், நம்பர் கூடுனா வயரு மெலிசு) வயருன்னா 5 ஆம்ப் ப்யூஸ், 18 கேஜுன்னா 10 ஆம்ப், அதுக்கு மேல போடாதீங்க. நம்ம வயக்காட்டு மோட்டார் ரூம்ல ப்யூஸ் போச்சுன்னா கட்டைல தடிச்ச கம்பிய சுத்தி விட்டுருவோம்லா, அந்தப் பழக்கம் இங்க ஆகவே ஆகாது, வயரு சூடாகி உறை உருகி காக்பிட் பூரா பொகை வந்துச்சுன்னா வண்டிய ஓரங்கட்டி எறங்க முடியுமா சொல்லுங்க. அப்புறம் ப்யூஸ பேட்டரி பக்கமா, கரண்டு கெளம்புத எடத்துலயே வைங்க, கடைசில வச்சா நடுவுல உள்ள வயருக்கு பாதுகாப்பே கெடையாது. ப்யூஸுக்குப் பதிலா பிரேக்கர், அதாவது கரண்டு கூடுனா தானா அணையுத சுவிட்சு, வச்சிருந்து பறக்கும்போது அது ட்ரிப் ஆச்சா, அது இல்லாம எறங்க முடியும்னா தொடாதீங்க, தரைக்கு வந்து பாத்துக்கிடலாம்.