பழைய டர்ட் பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் போகும் வழியிலேயே தேடுங்கள்

என்னிடம் இருப்பது மண் பாதைக்காக மாற்றிய யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. இந்த மாதிரி பழைய வண்டி நாலு மாதம் கொட்டகையில் நின்று, கிக்கரை எத்தனை மிதி மிதித்தாலும் எடுக்கவில்லை என்றால் பலரும் முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். அவசரம் வேண்டாம். டேங்கிலிருந்து தீப்பொறி தரும் பிளக் வரை பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். எஞ்சின் ஆறியிருக்கட்டும். வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

பிளக்

குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கைப் போட்டுப் பத்து கிக் அடித்த பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சொதசொதவென்று நனைந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாக வருகிறது, அல்லது கரன்ட் வரவில்லை.

டேங்க், காக், டியூப்

கார்ப்பரேட்டர் பக்கம் டியூபை உருவி, முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, டேங்க் அடியிலுள்ள பெட்ரோல் திருகான காக்கைத் திறந்துவிடுங்கள். பெட்ரோல் தடையில்லாமல் ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே வேகம் பிடித்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். என் வண்டி ஒருமுறை இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் நிற்கும், ஐந்து நிமிடம் விட்டால் எடுக்கும். கார்ப்பரேட்டரை மூன்று முறை சுத்தம் செய்தேன். கடைசியில் பார்த்தால் அந்தத் துளையில் காய்ந்த சேறு! மண்ணில் ஓடும் வண்டிக்கு இது அடிக்கடி வரும்.

மூடியைத் திறந்தும் ஓட்டம் மாறவில்லையென்றால் காக்கின் வலை துருவால் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவுங்கள். பாட்டிலில் பிடித்த பெட்ரோலைப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். டேங்கை முழுதாக வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் எஞ்சினுக்குள் பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலை மறக்காதீர்கள்.

கார்ப்பரேட்டர்

இப்போது கழற்றலாம். அதற்கு முன் வண்டி சொல்வதைக் கேளுங்கள். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் ஐடிலிங்கில் அணைந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் பைலட் ஜெட், அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள திருகு, அடைத்திருக்கும். ஐடிலிங் சரி, முழு ஆக்சிலேட்டரில் திணறுகிறது என்றால் முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைப் பாருங்கள். கார்ப்பரேட்டரின் ஓவர்ஃப்ளோ டியூப் வழியாகப் பெட்ரோல் வெளியே ஒழுகினால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் வால்வில் கோளாறு.

காக்கை மூடி, அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து தேன் நிறத்தில் பசையாகப் படிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் சரியான அளவில் இருக்க வேண்டும். ஜெட் பித்தளை, தலை சீக்கிரம் மழுங்கிவிடும். பைலட் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணருகே பிடியுங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். தெரியவில்லையா? கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, காற்றடியுங்கள். அப்படியும் விடவில்லையென்றால் எதிலும் மாட்டாத பழைய கரன்ட் ஒயர் துண்டிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி மெதுவாக நுழைத்துப் பாருங்கள். குண்டூசி, இரும்புக் கம்பி கூடவே கூடாது. துளை பெரிதானால் அந்த ஜெட் போயிற்று.

ஃப்ளோட் வால்வைச் சோதிக்க, கார்ப்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பெட்ரோல் வரும் குழாயில் ஊதுங்கள். காற்று போனால் வால்வு ஊசியின் நுனி தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது எஞ்சின் பக்க ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள். அது வழியாகக் காற்று புகுந்தால் ஆக்சிலேட்டரை விட்டும் ஆர்பிஎம் இறங்காது. டூ ஸ்ட்ரோக்கில் அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறி, சிலிண்டரில் இறுகிப்பிடித்து சீஸ் ஆகிவிடும். ரப்பரை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

அப்புறம் ஐடிலிங்கில் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூ. லேசாக முழுதும் உள்ளே திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வையுங்கள். எஞ்சின் சூடானதும் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் எங்கே சீராக இருக்கிறதோ அங்கே விட்டுவிடுங்கள்.