பாட்டின் பிபிஎம் பார்த்து டிஜே லைப்ரரியை அடுக்குவது எப்படி?

டிஜே வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பாட்டுக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் ரிசப்ஷனில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடிய அரை நிமிடம்தான் இருக்கிறது, அடுத்து எதைப் போட்டால் ஆடுகிறவர்களின் கால் தடுமாறாது என்று அந்த நேரத்தில் தேடி எடுக்க முடிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு பாட்டின் வேகமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை தட்டு விழுகிறது என்ற இந்தக் கணக்குதான் பிபிஎம். 120 என்றால் அரை நொடிக்கு ஒரு தட்டு.

ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ, ட்ராக்டர், விர்ச்சுவல் டிஜே போன்ற டிஜே மென்பொருள்கள் எல்லாமே இந்தக் கணக்கைத் தானாகப் போட்டுத் தரும். நான் மிக்ஸ் என்ற மென்பொருளை வைத்து விளக்குகிறேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆங்கிலத்தில் தேடும்போது பெயரின் கடைசியில் மூன்று எக்ஸ் போடுங்கள்.

முதலில் பாட்டுகளை எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள். அதை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். பின்னால் ஃபைல்களுக்குள்ளேயே விவரங்களை எழுதப் போகிறோம், அதனால் இந்த நகல் கட்டாயம் வேண்டும். மிக்ஸை முதல் தடவை திறக்கும்போது மியூசிக் ஃபோல்டர் எது என்று கேட்கும். இதைக் காட்டிவிடுங்கள்.

அடுத்து பிரிபரன்சஸ் போய், பீட் டிடெக்‌ஷன் பக்கத்தைத் திறங்கள். அங்கே 'அசியூம் கான்ஸ்டன்ட் டெம்போ' என்று ஒரு டிக் இருக்கும். பாட்டு முழுக்க ஒரே வேகம் என்று எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். இப்போதைக்கு அது டிக் ஆகியே இருக்கட்டும். பிறகு இடதுபக்கப் பட்டியலில் அனலைஸ் என்பதைச் சொடுக்கி, எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, அனலைஸ் பட்டனை அழுத்துங்கள். லைப்ரரி பெரிதாக இருந்தால் நேரம் பிடிக்கும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

காலையில் பார்த்தால் பிபிஎம் என்ற நெடுவரிசையில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண் இருக்கும். பலரும் இங்கேயே வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். நம் பாட்டுகளைப் பொறுத்தவரை உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

மென்பொருள் என்ன செய்கிறது? ஒலி சட்டென்று எழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவை எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்க்கிறது. ஒரு பாட்டில் அப்படித் திரும்பி வரும் இடைவெளி ஒன்றுக்கு மேல் இருக்கும். டிரம் ஒரு வேகத்தில், அதற்கு மேலே ஷேக்கர் இரண்டு மடங்கு வேகத்தில். எதை எடுப்பது என்று மென்பொருள் குழம்பும்போது 76 என்று வர வேண்டிய மெலடிக்கு 152 வந்து நிற்கும். இதைச் சரிசெய்வது சுலபம். பாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து, அட்ஜஸ்ட் பிபிஎம் என்பதற்குள் போனால் இரட்டிப்பாக்கவும் பாதியாக்கவும் வழி இருக்கிறது.

குத்துப்பாட்டில்தான் சிக்கல் கொஞ்சம் ஆழமானது. நிறைய குத்துப்பாட்டுகள் 6/8இல், அதாவது திஸ்ர நடையில் இருக்கும். ஒரு தட்டுக்குள் மூன்று சிறு அடிகள். இலங்கைப் பைலாவும் இதே வகைதான். பெரும்பாலும் நாலு நாலாக எண்ணிப் பழகிய மென்பொருள் அந்தச் சிறு அடிகளை இரண்டிரண்டாகக் கூட்டிவிடும். ஆடுகிறவர்களின் கால் நிமிடத்துக்கு 100 தடவை விழும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிறு அடிகள் 300. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 150 என்று காட்டும். நாலு நாலாகச் சேர்த்தால் 75. இரண்டுமே தவறு, பாதியாக்கினாலும் இரட்டிப்பாக்கினாலும் சரியாகாது. அதே அட்ஜஸ்ட் பிபிஎம் மெனுவில் 2/3, 4/3 என்று தேர்வுகள் இருப்பது இதற்காகத்தான். 150ஐ 2/3 ஆக்கினால் 100. 75ஐ 4/3 ஆக்கினாலும் 100.

எண் தவறு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டைப் போட்டு, தொடையில் தாளம் தட்டுங்கள். உங்கள் கை தானாக விழும் வேகம்தான் கூட்டத்தின் கால் விழும் வேகமும். 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நாலால் பெருக்கினால் பிபிஎம் வந்துவிடும். 25 தட்டு என்றால் 100. எண்ணச் சிரமமாக இருந்தால், பாட்டின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, அங்குள்ள 'டேப் டு பீட்' பட்டனைத் தாளத்தோடு தட்டிக்கொண்டே இருங்கள், அதுவே கணக்குப் போடும். எல்லாப் பாட்டுக்கும் இது தேவையில்லை. பிபிஎம் நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். 140க்கு மேல் இருப்பவை, 80க்குக் கீழ் இருப்பவை, அப்புறம் குத்துப்பாட்டுகள், இந்த மூன்றையும் காதால் சரிபார்த்தால் பெரும்பாலான பிழைகள் பிடிபட்டுவிடும்.

பழைய பாட்டுகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். கம்ப்யூட்டரும், வேகம் மாறாமல் வாசிக்கக் காதில் டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக் ட்ராக்கும் வருவதற்கு முன்னால், வாத்தியக்காரர்கள் ஸ்டுடியோவில் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை அவை. பல்லவியில் இருந்த வேகம் சரணத்தில் சற்றே ஏறியிருக்கும். அந்த உயிரோட்டம்தான் அவற்றின் அழகு. ஆனால் ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டு, தட்டு விழும் இடங்களைக் காட்ட மென்பொருள் போட்ட பீட் கோடுகள் போகப் போக டிரம்மை விட்டு விலகிவிடும். இப்படிப்பட்ட பாட்டுகளுக்கு மட்டும் முன்னே சொன்ன டிக்கை எடுத்துவிட்டு, பழைய கணக்கை அழித்து மறுபடி அனலைஸ் செய்யுங்கள். மேடையில் இவற்றுக்கு, இரண்டு பாட்டின் தட்டுகளைத் தானாகச் சேர்த்துவைக்கும் சிங்க் பட்டனை நம்ப வேண்டாம். கையால் கலப்பதே நல்லது.

சரிபார்த்த பாட்டுக்கு ரைட் கிளிக் மெனுவிலேயே பிபிஎம்மை லாக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த அனலைஸில் நீங்கள் திருத்திய எண் மாறிப்போகலாம். அதோடு மெட்டாடேட்டா என்பதற்குள், ஃபைல் டேக்குக்கு, அதாவது பாட்டின் விவரங்கள் ஃபைலுக்குள் பதியும் இடத்துக்கு, ஏற்றுமதி செய்யும் வழி உண்டு. அதைச் செய்தால் எண் ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும், நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும்.

இனி அடுக்குவது. க்ரேட் என்ற பகுதியில், பாட்டுகளைத் தொகுத்து வைக்கும் பெட்டிகளை வேகத்துக்கு ஒன்றாக உண்டாக்கிப் பிரித்து வையுங்கள். கன்ட்ரோலரின், அதாவது கம்ப்யூட்டரோடு இணைக்கும் டிஜே கருவியின், வேக ஸ்லைடர் வழக்கமாக மேலும் கீழும் 8 சதவீதம் போகும். பிபிஎம் 100 உள்ள ஒரு பாட்டை 92 முதல் 108 வரை இழுக்கலாம், ஆனால் 4, 5 சதவீதத்தைத் தாண்டினால் தெரிந்த குரல் மாறிக் கேட்கும். ஆகவே பத்துப் பத்தாகப் பிரிப்பது கைக்கு அடக்கமாக இருக்கும்: 90 முதல் 100, 100 முதல் 110 என்று. திஸ்ர நடைப் பாட்டுகளைத் தனி க்ரேட்டில் போடுங்கள். 100இல் இருக்கும் 6/8 பாட்டின் மேல் 100இல் இருக்கும் 4/4 பாட்டை, அதாவது நாலு நாலாக எண்ணும் பாட்டைக் கலந்தால், எண் ஒன்றானாலும் உள் அடிகள் ஒன்றோடொன்று மோதும்.

நிகழ்ச்சி நடுவே அவசரமாகத் தேட, தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் பிபிஎம் என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 100-106 என்று கொடுங்கள். அந்த வேகத்தில் உள்ள பாட்டுகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.